45 வகுப்புக்குள் அடங்குமா?

இந்த முறை கேள்வி – பதில் பகுதி முழுக்கக் கல்லூரி ஆசிரியர்களின் கடிதங்கள். பாடத்திட்டம் வகுக்கவும், கேள்வித்தாள் எடுக்கவும், வகுப்புக் குறிப்பு தயாரிக்கவும் ஏஐ கருவிகளைக் கையில் எடுத்த பிறகு வந்த சிக்கல்களைக் கோவையிலிருந்து கரூர் வரை பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது சொந்தமாகப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் அட்டானமஸ் கல்லூரிங்க. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கலுக்கு பம்பு தொழில்நுட்பம் என்று 3 கிரெடிட் விருப்பப் பாடம் கொண்டுவர நினைத்தோம். ஏஐ-யிடம் சிலபஸ் கேட்டதும் ஐந்து யூனிட்டும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பார்க்க அம்சமாக இருந்தது. பாடத்திட்டக் குழுவுக்கு வந்த வெளி நிபுணர், 'இதை ஒரு செமஸ்டரில் நடத்தவே முடியாது' என்று திருப்பிவிட்டார். எங்கே தவறினோம்?
– உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: சிலபஸை முதலில் கேட்டதுதான் தவறு. அது கடைசியில் வர வேண்டியது.

நீங்கள் அனுப்பியிருந்த இரண்டாவது யூனிட்டையே பாருங்கள். மையவிலக்கு பம்பு என்ற தலைப்பில் வேக முக்கோணம், ஆய்லர் சமன்பாடு, ஸ்லிப், இழப்புகள், குறிப்பிட்ட வேகம், ஒப்புமை விதிகள், கேவிடேஷன், என்பிஎஸ்ஹெச், தொடர் மற்றும் இணை இணைப்பு, வால்யூட் வடிவமைப்பு, இம்பெல்லர் வடிவமைப்பு, டிஃப்யூசர், அச்சு உந்துவிசை, மெக்கானிக்கல் சீல் என 14 தலைப்புகள். யூனிட்டுக்கு 9 வகுப்பு, வகுப்புக்கு 50 நிமிடம். மொத்தம் 450 நிமிடத்தை 14-ஆல் வகுத்தால் ஒரு தலைப்புக்கு 32 நிமிடம் கிடைக்கிறது. இம்பெல்லர் வடிவமைப்பில் ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டவே மூன்று வகுப்பு பிடிக்கும். நிபுணர் சொன்னது சரி.

ஏஐ ஏன் இப்படிச் செய்கிறது? அது படித்த சிலபஸ்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடையவை. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் வீட்டில் படிப்பதையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊரில் வாரம் ஒரு வகுப்பு, 15 வாரம், ஒரு கிரெடிட். லேபுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். இதை நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. சொன்னாலும் 'யூனிட்டுக்கு 9 மணி நேரம்' என்று தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே பழையபடியே நிரப்பும். தலைப்புகளை அடுக்குவது அதற்குச் சுலபம். ஒரு தலைப்பை வகுப்பில் நடத்த எத்தனை நிமிடம் ஆகும் என்பது கரும்பலகை முன்னால் நின்றவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை இந்த வரிசையில் போய்ப் பாருங்கள். கருவியைத் திறப்பதற்கு முன்பே, செமஸ்டர் முடிவில் மாணவன் கையால் என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். அதை நீங்களே எழுத வேண்டும். பிறகு பின்னணி விவரங்களைக் கொடுங்கள்: எந்த ஆண்டு, எந்த செமஸ்டர், இதற்கு முன் எந்தெந்தப் பாடம் முடித்திருக்கிறார்கள், வகுப்பில் எத்தனை பேர், லேபில் எத்தனை டெஸ்ட் ரிக் ஓடுகிறது, இன்டர்னல் எத்தனை மார்க், செமஸ்டர் தேர்வின் அமைப்பு என்ன. முந்தைய பாடமான ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் எந்தப் பகுதியில் அதிகம் பேர் சறுக்கினார்கள் என்பதையும் சேருங்கள். அது நிறைய உதவும். இவ்வளவும் கொடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: 'இப்போது சிலபஸ் எழுத வேண்டாம். நல்ல சிலபஸ் எழுத இன்னும் என்னென்ன தெரிய வேண்டும் என்று பத்துக் கேள்வி கேட்கவும்.' அந்தப் பத்தில் மூன்று நான்காவது நீங்கள் யோசிக்காததாக இருக்கும். ஏஐ-யால் கிடைக்கும் பெரிய லாபங்களில் அது ஒன்று.

அதன் பிறகு மதிப்பீடு. ஐந்து வரிகளில் ஒவ்வொன்றையும் எந்தத் தேர்வில், எந்த லேபில், எந்த அசைன்மென்ட்டில் பார்க்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த மதிப்பீட்டை எழுத மாணவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதுதான் சிலபஸ். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் அந்த 14 தலைப்பில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மீதியை எக்செல் தாளில் தலைப்பு, விளக்க நிமிடம், கணக்கு நிமிடம் என மூன்று பத்தியாகப் போட்டுக் கூட்டுங்கள். இந்தக் கூட்டலை ஏஐ உரையாடலுக்குள் விடாதீர்கள். வரிசை நீளமானால் கூட்டுத்தொகை தவறிவிடுகிறது, தவறியதும் தெரிவதில்லை. 45 வகுப்பு என்று இருந்தாலும் 40-க்குத்தான் திட்டம் போட வேண்டும். இன்டர்னல் தேர்வு, உள்ளூர் விடுமுறை, சிம்போசியம் என்று ஐந்து வகுப்பு எப்படியும் போய்விடும்.

இன்னொன்று. பம்புக்கு ஏஐ கொடுக்கும் தரநிலைகள் பெரும்பாலும் அமெரிக்க எண்களாக இருக்கும். நம் மாணவர் வேலைக்குப் போகிற இடத்தில் கேட்பது இந்தியத் தரம். சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034, திறந்த கிணற்று சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 14220, மோனோசெட்டுக்கு ஐஎஸ் 9079. கோவையில் உட்கார்ந்துகொண்டு இவை இல்லாமல் பம்பு பாடம் நடத்துவதில் அர்த்தமில்லை. தரநிலை ஆவணங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து நீங்களே சேருங்கள்.

கேள்வி: சிஓ-பிஓ மேப்பிங்கை (ஒரு பாடத்தின் விளைவுகளான சிஓ, முழுப் படிப்பின் விளைவுகளான பிஓ-வுக்கு எவ்வளவு உதவுகின்றன என்று 3, 2, 1 எனக் குறிக்கும் அட்டவணை) ஏஐ-யிடம் கொடுத்தால் எல்லாக் கட்டத்திலும் 3 அல்லது 2 போட்டுத் தருகிறது. வேலை மிச்சம்தான். ஆனால் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்பிஏ-வின் குழு வரும்போது பதில் சொல்ல முடியுமா என்று பயமாக இருக்கிறது.
– துறைத் தலைவர், பெருந்துறை

பதில்: பயம் நியாயமானது. அப்படியே வைத்தால் பதில் சொல்ல முடியாது.

'பம்பைப் பற்றிய அறிவும் பொறியியல் அறிவும் தொடர்புடையவையா?' என்று யாரிடம் கேட்டாலும் 'ஆம்' என்றுதான் சொல்வார்கள். மேப்பிங் கேட்கும்போது ஏஐ தன்னிடம் கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான். நீங்கள் கேள்வியை மாற்ற வேண்டும். மதிப்பெண் கேட்காமல் ஆதாரம் கேளுங்கள்: 'இந்த சிஓ இந்த பிஓ-வுக்கு உதவுகிறது என்று காட்ட, நான் இணைத்துள்ள கேள்வித்தாள், லேப் பட்டியல், அசைன்மென்ட் ஆகியவற்றில் எந்த எண் ஆதாரம்? ஆதாரம் இல்லாத கட்டத்தைக் காலியாக விடவும்.' இப்படிக் கேட்டால் 3-கள் வேகமாகக் குறையும். மீதி நிற்பவற்றுக்கு ஆதாரமாகக் காட்டிய கேள்வி எண்ணை நீங்கள் திறந்து பாருங்கள். சில சமயம் இல்லாத கேள்வி எண்ணையும் அது காட்டும். காலிக் கட்டம் நிறைய இருந்தால் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாம் நிரம்பிய அட்டவணைதான் குழுவின் கண்ணில் முதலில் உறுத்தும்.

பிஓ பட்டியலே பழையதாக இருக்கும் அபாயமும் உண்டு. நாடுகள் ஒன்றின் பொறியியல் படிப்பை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது முதல் 12 பிஓ என்றே எல்லாருக்கும் பழக்கம். இணையத்தில் குவிந்து கிடப்பதும் அதுதான். என்பிஏ-வின் புதிய படிவத்தில் 11தான். சமூகம், சுற்றுச்சூழல் என்று தனித்தனியாக இருந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. பட்டியலைச் சொல்லாமல் விட்டால் ஏஐ பெரும்பாலும் 12-ஐ வைத்துக்கொண்டே மேப்பிங் போடும். உங்கள் துறை எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்கிறதோ அந்தப் பட்டியலை ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சிஓ வாக்கியங்களையும் திருத்த வேண்டியிருக்கும். 'மாணவர் பம்புகளின் செயல்பாட்டைப் புரிந்துகொள்வார்' என்றால் அதை எப்படி அளப்பது? 'கொடுக்கப்பட்ட ஹெட், டிஸ்சார்ஜ் தேவைக்கு, தயாரிப்பாளரின் செயல்திறன் வளைவைப் பார்த்துப் பொருத்தமான பம்பைத் தேர்ந்தெடுத்து, மோட்டாரின் ஹெச்பியைக் கணக்கிடுவார்' என்று எழுதினால் கேள்வியும் அதிலேயே இருக்கிறது. கற்றலை நினைவுகூர்வதிலிருந்து உருவாக்குவது வரை பிரிக்கும் ப்ளூமின் ஆறு படிகளைச் சொல்லி, 'ஒவ்வொரு சிஓ-வும் எந்தப் படி, அதை அளக்கும் கேள்வி எந்தப் படி, இரண்டும் பொருந்துகிறதா' என்று சரிபார்க்க ஏஐ நன்றாக உதவும். சிஓ-வில் 'பகுப்பாய்வு' என்று போட்டுவிட்டு, தேர்வில் 'வரையறு' என்று கேட்டிருப்பதை அது சளைக்காமல் எடுத்துக் காட்டும். ஆக்குவதைவிடக் குறை கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துவதே எங்களுக்குப் பிடித்த வழி.

கேள்வி: பாடத்திட்டத்தில் சேர்க்க நூற்பட்டியல் கேட்டேன். பன்னிரண்டு புத்தகம் கொடுத்தது. நூலகர் தேடிப் பார்த்துவிட்டு ஐந்து புத்தகம் உலகத்திலேயே இல்லை என்கிறார்.
– ஆங்கிலத் துறை, சேலம்

பதில்: ஏஐ சொற்களைத் தொடர்ச்சியாக ஊகித்து எழுதுகிறது. ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு எல்லாம் நம்பும்படி ஒட்டிக்கொண்டு வரும். புத்தகம் மட்டும் இருக்காது. ஆகவே அதனிடம் பட்டியல் கேட்காதீர்கள். உங்கள் நூலக அட்டவணையிலிருந்து 30 தலைப்பை நீங்கள் எடுத்துக் கொடுத்து, எந்த யூனிட்டுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். வெளியிலிருந்து ஏதாவது சேர்த்தால் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணையும், கட்டுரைக்கு அதன் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணையும் தேடுங்கள். டிஓஐ திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திறக்கும் கட்டுரையின் தலைப்பு அதுதானா என்றும் பாருங்கள். உண்மையான எண்ணில் வேறு கட்டுரை இருப்பது அடிக்கடி நடக்கிறது. நூலகரைத் தொடக்கத்திலேயே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொள்குறி வினா, கணக்கு வினா எல்லாம் ஏஐ-யில் எடுக்கிறோம். பசங்க ரொம்பச் சுலபமா விடையைப் பிடிச்சர்றாங்க. படிக்காதவனும் மார்க் வாங்கறான். இதெப்படிங்க சரி பண்றது?
– பாலிடெக்னிக் விரிவுரையாளர், பொள்ளாச்சி

பதில்: ஏஐ எடுத்த கொள்குறி வினாக்களில் சரியான விடை மற்ற மூன்றையும்விட நீளமாக இருக்கும். விளக்கமும் நிபந்தனையும் அதற்கு மட்டும் ஒட்டியிருக்கும். விடை பெரும்பாலும் 'ஆ' அல்லது 'இ'-யில் விழும். மாணவர்கள் இரண்டே தேர்வில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விருப்பங்களின் நீளத்தைச் சமமாக்குங்கள். விடையின் இடத்தை எக்செலில் குலுக்கிப் போடுங்கள்.

அதைவிட முக்கியம் தவறான விடைகளின் தரம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கிணற்றுப் பம்பு விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீரை மொத்தம் 30 மீட்டர் ஹெட்டுக்கு ஏற்றுகிறது. பம்பின் செயல்திறன் 50 சதவீதம். ஷாஃப்டுக்குத் தேவையான திறன் எவ்வளவு? 1000 × 9.81 × 0.005 × 30 என்றால் 1471.5 வாட். அதை 0.5-ஆல் வகுத்தால் 2943 வாட், ஏறக்குறைய 3.9 ஹெச்பி.

இதற்கு ஏஐ-யிடம் விருப்பங்கள் கேட்டால் 2850, 2900, 3000 என்று பக்கத்து எண்களைக் கொடுக்கும். அவற்றில் எதைத் தேர்ந்தாலும் மாணவன் எங்கே தவறினான் என்று நமக்குத் தெரியாது. இப்படிப் போட்டுப் பாருங்கள்: 2943, 1471.5, 736, 300. 1471.5 எழுதினவன் செயல்திறனையே மறந்தவன். 736 எழுதினவன் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியவன். 300 எழுதினவன் 9.81-ஐ விட்டவன். விடைத்தாளைத் திருத்தும்போதே மறுநாள் வகுப்பில் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். இதற்கு ஏஐ-யிடம், 'மாணவர்கள் இந்தக் கணக்கில் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை' என்று நீங்கள் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் உங்கள் பழைய விடைத்தாள்களில் இருக்கிறது.

விடைக்குறிப்பை நம்பாமல் ஒவ்வொரு கணக்கையும் கையால் போட்டுப் பாருங்கள். லிட்டரைக் கனமீட்டராக மாற்றும் இடத்திலும், நிமிடத்தை விநாடியாக்கும் இடத்திலும்தான் தவறு அதிகம் வருகிறது. செய்முறை சரியாகவும் கடைசி எண் மட்டும் தவறாகவும் இருப்பது மிகவும் ஆபத்து, ஏனென்றால் செய்முறையைப் படித்துவிட்டு நாம் தலையாட்டிவிடுவோம். எண்ணை மாற்றிப் புதிய கணக்கு எடுக்கும்போது நடைமுறைக்கு ஒவ்வாத மதிப்பு வருகிறதா என்றும் பாருங்கள். அரை ஹெச்பி மோட்டாரில் 200 மீட்டர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து விநாடிக்கு 5 லிட்டர் எடுக்கும் கணக்கைப் பார்த்தால் தோட்டத்தில் வளர்ந்த மாணவன் சிரிப்பான். அதன் பிறகு அந்தப் பாடத்தின் மேல் அவனுக்கு மதிப்பு வராது.

தேர்வு முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 60 பேர் வகுப்பில் அதிக மார்க் எடுத்த 27 சதவீதம், அதாவது 16 பேர். குறைந்த மார்க் எடுத்த 16 பேர். ஒரு வினாவை மேல் குழுவில் 13 பேரும் கீழ்க் குழுவில் 5 பேரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 8. அதை 16-ஆல் வகுத்தால் 0.5. இது 0.3-க்கு மேல் இருந்தால் படித்தவனையும் படிக்காதவனையும் அந்த வினா பிரித்துக் காட்டுகிறது என்று பொருள். 0.2-க்குக் கீழே போனால் வினாவைத் திருத்துங்கள். சைபருக்குக் கீழே போனால் விடைக்குறிப்பே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அதைப் பாருங்கள். உங்கள் சந்தேகத்துக்கு இந்த எண் நேரடியாகப் பதில் சொல்லிவிடும்.

கேள்வி: தமிழ் வழியில் பி.காம். வகுப்பு எடுக்கிறேன். ஏஐ எழுதித் தரும் தமிழ்க் குறிப்பைப் பிள்ளைகள் படிக்கவே சிரமப்படுகிறார்கள். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லுக்கு மூன்று மொழிபெயர்ப்பு வருகிறது.
– உதவிப் பேராசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: காரணம் தெளிவானது. கணக்குப்பதிவியல் தமிழில் இணையத்தில் குறைவாகவே இருக்கிறது. இருப்பதிலும் இலங்கைப் பாடநூல்கள் கணிசம். நம் பள்ளிப் பாடநூலில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்பதை அங்கே 'ஐந்தொகை' என்பார்கள். நம்முடைய 'இருப்பாய்வு' அங்கே 'பரீட்சை மீதி'. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டும் வந்து, மூன்றாவதாக 'சோதனைச் சமநிலை' என்று நேர் மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

முதல் வேலையாக ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள். ஒரு பாடத்துக்கு 60 முதல் 80 சொல் போதும். பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு, தேய்மானம், நற்பெயர் என்று மேல்நிலை வகுப்புப் பாடநூலில் அவர்கள் ஏற்கெனவே படித்த சொல்லையே வையுங்கள். அங்கே இல்லாததற்குத் தமிழ்நாடு அரசின் சொற்குவை தளத்தைப் பாருங்கள். ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் இந்தப் பட்டியலை ஒட்டி, 'இந்தச் சொற்களை மட்டும் பயன்படுத்தவும்' என்று சொல்லுங்கள். உரையாடல் நீண்டால் மறந்துவிடும், ஆகவே ஒரு யூனிட்டுக்கு ஒரு புது உரையாடல். தமிழ் எழுத்தைக் கருவிகள் ஆங்கிலத்தைவிடச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துப் படிப்பதால் அதே அளவு பாடம் தமிழில் அதிக இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் கொடுக்கும் இடத்தில் தமிழில் மூன்று நான்கு பக்கமாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதவைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பு வாடை போகாது. நீங்கள் வகுப்பில் பேசுவது போல இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, 'இந்த நடையில் அடுத்த பகுதியை எழுதவும்' என்றால் பலன் தெரியும். எடுத்துக்காட்டையும் உங்கள் ஊரிலிருந்து நீங்களே கொடுங்கள். மஞ்சள் ஏலத்தை வைத்து ஒரு கணக்குக் கேட்டால் 'விரல் மஞ்சள், பல்ப் மஞ்சள்' என்று எழுதுகிறது. ஈரோட்டுப் பிள்ளைக்கு அது விரலி, கிழங்கு. விலையையும் தானாக ஒன்று போடும். முன்பேர வர்த்தகத்தில் மஞ்சளுக்கு அடிப்படை மையம் நிஜாமாபாத் என்பதால், அந்த விலையையும் ஈரோடு ஏல விலையையும் ஒன்றாக்கிவிடும் வாய்ப்பும் இருக்கிறது. அன்றைய ஏல விலையை நாளிதழில் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

பழைய குறிப்புகளை ஏற்றும்போது இன்னொரு சிக்கல் வரும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பை ஏற்றினால் ஏஐ-க்குத் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எதையோ எழுதித் தரும், நாமும் நம் குறிப்பிலிருந்துதான் வந்தது என்று ஏமாறுவோம். முதலில் யூனிகோடாக மாற்றுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் எழுத்துணரியில் ஓட்டிய பிறகு துணைக்காலும் 'ர'-வும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எண்களைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ஆடைத் தொழில்நுட்ப மாணவர்களுக்குத் திருப்பூரை வைத்தே கேஸ் ஸ்டடி வேண்டும். ஏஐ கொடுப்பது எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது.
– திருப்பூர்

பதில்: விவரம் நீங்கள் கொடுக்காதவரை அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் ஒரு நிட்டிங் யூனிட்டில் உட்கார்ந்து நூல் கவுண்ட், துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை), மெஷின் டயா, வேஸ்டேஜ், டெலிவரி நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நிறுவனத்தின் பெயரையும் வாங்குபவர் பெயரையும் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். ஒரே விவரத்திலிருந்து மூன்று கடினநிலையில் கேள்வி கேட்டால் ஏஐ நன்றாகச் செய்யும். '180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோ எத்தனை சதுர மீட்டர்?' என்பது முதல் நிலை. விடை 5.56. அடுத்த நிலையில் வேஸ்டேஜைச் சேருங்கள். அதற்கடுத்து, டெலிவரிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜிஎஸ்எம் குறைவாக வந்துவிட்டது, என்ன முடிவு எடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

நூல் கவுண்டிலிருந்து மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். பருத்தி நூலில் கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் (ஒரு கிலோமீட்டர் நூலின் கிராம் எடை) அளவில் எண் ஏற ஏற நூல் தடிக்கும். 30-ஆம் கவுண்ட் 19.7 டெக்ஸ், 40-ஆம் கவுண்ட் 14.8 டெக்ஸ். 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ். இந்த இரண்டு முறையையும் ஏஐ குழப்பி, '40 தடித்த நூல்' என்று எழுத வாய்ப்புண்டு.

சாயக்கழிவு பற்றிப் பாடம் வைப்பதானால் நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் விட்டுவிட்டு வேறு எங்கும் போக வேண்டாம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், பிறகு கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குத் தொழில் மாறியதையும் தீர்ப்பைப் படித்து நீங்கள் காலவரிசையாக எழுதிவிடுங்கள். விவசாயி, பட்டறைக்காரர், தொழிலாளி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி என்று நான்கு தரப்பு வாதத்தை ஏஐ-யிடம் எழுதி வாங்கி மாணவர்களிடம் விவாதத்துக்குக் கொடுக்கலாம். தேதிகளை மட்டும் அதனிடம் விடாதீர்கள்.

கேள்வி: அசைன்மென்ட் எல்லாமே ஏஐ-யில் எழுதி வருகிறது. கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாமா?
– நாமக்கல்

பதில்: அதன் முடிவை மட்டும் வைத்து ஒரு மாணவனின் மார்க்கைக் குறைப்பது அநியாயம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதியதையே சராசரியாக 61 சதவீதம் ஏஐ எழுதியது என்று அவை காட்டின. எளிய சொல், எளிய வாக்கியம் எழுதுகிறவர்தான் மாட்டுகிறார். ராசிபுரத்திலிருந்தும் பரமத்தியிலிருந்தும் தமிழ் வழியில் படித்து வருகிற நம் பிள்ளைகள் எழுதுவது அந்த மாதிரி ஆங்கிலம்தான்.

அசைன்மென்ட்டை மாற்றுங்கள். ஒரே நாளில் பத்துப் பக்கம் வாங்குவதை விட்டு, மூன்று கட்டமாக வாங்குங்கள்: முதல் வாரம் கேள்வியும் விவரம் சேகரிக்கும் இடமும் ஒரு பக்கம், மூன்றாம் வாரம் கையால் எழுதிய விவரக் குறிப்பு, ஐந்தாம் வாரம் முழு அறிக்கை. கடைசியில் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய்மொழி. 60 பேருக்கு 300 நிமிடம், ஆறு வகுப்பு. அதை முதலில் சொன்ன நேரக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் நடக்காது. இருபது மார்க்கில் பத்தை வாய்மொழிக்கு வைத்தால் எழுதி வாங்கியவனும் படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

கேள்வி: மார்க் பட்டியலை ஏற்றி, யார் யார் பின்தங்குகிறார்கள் என்று ஏஐ-யிடம் கேட்கலாமா?
– கரூர்

பதில்: பெயர், பதிவெண், சாதி, கட்டண விவரம் எதுவும் போகக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கல்லூரிக்கும் பொருந்தும். பின்தங்குகிறவரைக் கண்டுபிடிக்க எக்செலில் ஒரு வரி சூத்திரம் போதும். அந்தச் சூத்திரத்தை எழுதித் தரும்படி ஏஐ-யிடம் கேளுங்கள், பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஏஐ உதவியுடன் தயாரித்தோம் என்று பாடத்திட்டக் குழுவிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்று தயக்கம்.
– தாராபுரம்

பதில்: சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் இரண்டு வரி போதும்: எந்தப் பகுதிக்கு எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள், யார் சரிபார்த்தார்கள். 'சிலபஸ் ஏஐ எழுதியது' என்பதும், 'சிஓ நாங்கள் எழுதியது, கேள்விகளோடு பொருந்துகிறதா என்று ஏஐ-யில் பார்த்தோம், நேரக் கணக்கு இணைப்பில் இருக்கிறது' என்பதும் குழுவின் காதில் வேறு வேறாக விழும்.

குழுவை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். அதில் வெளி நிபுணர்கள் இருக்கிறார்கள், துணைவேந்தர் நியமித்தவர் இருக்கிறார், தொழில்துறையிலிருந்து ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்கிறார்கள். பெரும்பாலும் கூட்டத்தன்று காலையில்தான் அவர்கள் கைக்குத் தாள் போகிறது. பத்து நாள் முன்பே அனுப்புங்கள். கூடவே, ஏஐ-யிடம் 'இந்த வரைவைத் திருப்பி அனுப்ப நினைக்கும் நிபுணர் என்னென்ன கேட்பார்?' என்று கேட்டு வாங்கிய ஏழெட்டுக் கேள்வியையும், அவற்றுக்கு நீங்கள் எழுதிய பதிலையும் வையுங்கள். தொழில்துறையிலிருந்து வருகிறவரிடம் தனியாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இதைப் படித்து வருகிறவரை முதல் மாதம் எந்த வேலையில் போடுவீர்கள்?' அவர் சொல்லும் வேலை உங்கள் ஐந்து வரியில் எங்காவது இருக்கிறதா என்று அங்கேயே தேடிப் பாருங்கள்.